நண்டுத் தராசுக்குப் பக்கத்தில் நான் மைக் பிடித்த கதை

மேடையில் எப்படிப் பேசுவது என்று சொல்லிக்கொடுக்க இந்த நாட்டில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எங்கே வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க ஒருவர்கூட இல்லை. அந்த இரண்டாவது பயிற்சியை நான் கோட்டைப்பட்டினம் கடற்கரையில், ஊரே வேடிக்கை பார்க்க, ரேடியோ செட் வைத்துக் கற்றுக்கொண்டேன்.

அப்போது நான் விலங்கியலில் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தேன். வீடு கீரனூரில், கல்லூரி புதுக்கோட்டையில். ஆராய்ச்சி, கடல் நண்டின் செவுள்களில் ஒட்டிக்கொண்டு வாழும் சின்னஞ்சிறு உயிரிகளைப் பற்றி. எங்கள் வீடோ சுத்த சைவம். பக்கத்து வீட்டில் மீன் பொரித்தால் எங்கள் வீட்டு ஜன்னல்கள் படபடவென்று சாத்தப்படும். (நான் கேட்டது பட்டாம்பூச்சி. கைடு மேடத்திடம் அப்போது காலியாக இருந்தது நண்டு. பிஎச்.டி. தலைப்பு என்பது பந்தியில் வரும் கூட்டு மாதிரி. நமக்குப் பிடிக்கிறதோ இல்லையோ, இலையில் விழுந்துவிடும்.)

"அறுக்கத்தாம்மா செய்றேன், திங்கலையே" என்று சொல்லித்தான் அம்மாவைச் சம்மதிக்க வைத்திருந்தேன். "அறுத்துக்க. வாயில வச்சேன்னு தெரிஞ்சுது, அப்படியே அங்கிட்டே இருந்துக்க" என்பது அம்மா போட்ட ஒரே நிபந்தனை.

நண்டுக்கு நான் நம்பியிருந்தது செல்வி அக்காவை. அவரும் அவர் வீட்டுக்காரரும் கோட்டைப்பட்டினத்தில் நாட்டுப்படகு வைத்து நண்டு வலை போடுகிறவர்கள். சாயங்காலம் கடலில் விட்டுவந்த வலையை விடியும்போது இழுத்து வருவார்கள். கரையில் உட்கார்ந்து, வலையில் சிக்கிய நண்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுப்பது செல்வி அக்காவின் வேலை. நண்டுச் சதை எடுத்து விற்கும் கம்பெனியின் ஏஜெண்ட் தராசோடு வருவார், தரம் பார்த்து எடை போட்டு எடுத்துப்போவார். அவர் எடுத்தால்தான் அங்கே எல்லார் வீட்டிலும் அடுப்பு எரியும். கால் உடைந்தது, சின்னது என்று ஏஜெண்ட் கழித்துவிட்டதையெல்லாம் செல்வி அக்கா எனக்கென்று ஒரு வாளியில் போட்டு வைப்பார். காசை நீட்டினால் கோபம் வரும். "அத வச்சு பஸ்ஸுக்கு டிக்கெட் எடு தாயி" என்பார்.

அந்த வாளி இல்லாவிட்டால் எனக்குக் கடைசி அத்தியாயம் இல்லை. கடைசி அத்தியாயம் இல்லாவிட்டால் பட்டம் இல்லை. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும், நான் எவ்வளவு பெரிய அறிவாளி என்பது போகப்போகத் தெரியும்.

ஆய்வு முடியும் தறுவாயில் கல்லூரியில் ஒரு பயிற்சி வைத்தார்கள். ஆய்வு மாணவர்களுக்கான தொழில்முறைத் திறன் மேம்பாட்டுப் பயிற்சி. அந்தச் சான்றிதழ் இல்லாமல் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியாது என்று அறிவித்திருந்ததால் எங்கள் எல்லாருக்கும் திறன் மேம்பாட்டில் திடீரென்று ஆர்வம் பொங்கியது. பயிற்சி கொடுக்கச் சென்னையிலிருந்து ஒரு சார் வந்திருந்தார். புதுக்கோட்டை வெயிலில் கோட்டுப் போட்டுக்கொண்டு, சட்டையில் மைக்கைக் குத்திக்கொண்டு, அரங்கத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார்.

"நீங்க என்ன ஆராய்ச்சி பண்றீங்கன்னு ஒங்க வீட்டுல தெரியுமா?"

"தெரியாது சார்."

"ஒங்க ஊர்ல?"

"தெரியாது சார்."

"ஒங்க கைடுக்காவது தெரியுமா?"

முதல் வரிசையில் எங்கள் மேடம் இருமினார்.

பிறகு சார் தன் சூத்திரங்களை எடுத்துவிட்டார். முதல் வாக்கியத்திலேயே கேட்கிறவர்களைத் தூக்கிவாரிப் போட வேண்டும். போட்ட பிறகு பதிலை உடனே சொல்லிவிடக் கூடாது, நிறுத்த வேண்டும், மனதுக்குள் ஒன்று இரண்டு மூன்று எண்ண வேண்டும். கலைச்சொல்லை மூட்டை கட்டி வைத்துவிட்டு ஊரில் புழங்கும் சொல்லைப் போட வேண்டும். கூட்டத்தில் சலசலப்பு வந்தால் பயந்துவிடக் கூடாது. அதற்குப் பெயர் ஈடுபாடு. குரலை இன்னும் உயர்த்த வேண்டும்.

என்னை மேடைக்குக் கூப்பிட்டார். அதுவரை கருத்தரங்குகளில் நான் திரையைப் பார்த்துத்தான் பேசுவேன். என் முதுகை மட்டும் பார்த்து என்னை அடையாளம் சொல்லக்கூடியவர்கள் எங்கள் துறையில் நிறைய. அன்றும் வணக்கம் சொன்னேன், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, நன்றி சொல்லி இறங்கிவிட்டேன். சார் நல்ல மனிதர். சிரிக்கவில்லை. "ஒங்களுக்குள்ள ஒரு சிங்கம் தூங்குதும்மா. எழுப்புங்க" என்றார். (தூங்குகிற சிங்கத்தை எழுப்பினால் அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் கதி என்ன என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.)

ஆளுக்கொரு வீட்டுப்பாடம் கொடுத்தார். ஒரு வாரத்துக்குள் பொதுமக்கள் முன்னால் நம் ஆராய்ச்சியைப் பேசி வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். வீடியோவில் கூட்டம் தெரிய வேண்டும். அனுப்பினால்தான் சான்றிதழ்.

வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை ஆரம்பித்தேன். இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்து, காலை அகட்டி, நெஞ்சை நிமிர்த்தி நிற்க வேண்டும், தைரியம் தானாக வரும் என்று சார் சொல்லியிருந்தார். அம்மா கரண்டியோடு வந்து எட்டிப்பார்த்தார்.

"ஏண்டி, விடியக்காலையில யாரோட மல்லுக்கு நிக்கிற?"

"தன்னம்பிக்கை வரவழைக்கிறேம்மா."

"அது வர்றப்ப வரட்டும். மொதல்ல போய்ப் பல்ல வெளக்கு."

கூட்டத்துக்கு வழி சொன்னது என் தோழி ஹபீபா. இயற்பியலில் ஆய்வு செய்கிறாள், சொந்த ஊரே கோட்டைப்பட்டினம். அவள் தன் வீட்டுப்பாடத்தை ஒரு கல்யாண வீட்டில் சூரிய மின்கலம் பற்றிப் பேசி முடித்துவிட்டிருந்தாள். "காலையில நண்டு கரைக்கு வா. கூட்டம் தானா நிக்கும். எங்க மாமா ரேடியோ செட் வச்சிருக்காரு, மைக்குக்கும் கவலை இல்ல" என்றாள்.

அந்தக் கூட்டம் எதற்காக நிற்கிறது என்று இரண்டு பேரில் ஒருத்திக்காவது தோன்றியிருக்க வேண்டும். நான் வழக்கமாக பஸ் மாறி மாறிக் கரைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஏஜெண்ட் கிளம்பிப் போயிருப்பார், வாளி மட்டும்தான் காத்திருக்கும். எடை போடுவதை நான் கண்ணால் பார்த்ததே இல்லை. ஹபீபாவோ விடியற்காலையில் எழுந்ததே இல்லை. எங்களுக்கு அது வெறும் பார்வையாளர் கூட்டம்.

முதல் நாளே போய் ஹபீபா வீட்டில் தங்கிக்கொண்டேன். காலையில் கரைக்குப் போனால் அவள் மாமா டீக்கடைக் கூரையில் ஒன்று, தென்னை மரத்தில் ஒன்று என்று குழாய் ஸ்பீக்கர் கட்டி வைத்திருந்தார். "எதுக்கும்மா ஒண்ணோட நிறுத்தணும்? ரெண்டு கட்டியாச்சு. அங்கிட்டு படகு கட்டுற ஜெட்டி வரைக்கும் கணீர்னு கேக்கும்" என்றார் பெருமையாக.

கரை முழுக்கச் சனம். படகு படகாக வலையைக் கொட்டி நண்டு பிரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் தராசு. தராசுக்குப் பக்கத்தில் சட்டைப்பையில் இரண்டு பேனாவோடு ஒருவர், அவர்தான் ஏஜெண்ட். செல்வி அக்கா என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாக எழுந்துவந்தார்.

"என்ன தாயி, மைக்கெல்லாம்?"

"ஒங்க நண்டப் பத்திப் பேசப்போறேங்க்கா."

அவ்வளவுதான், திரும்பி மற்றப் பெண்களை அதட்டினார். "ஏ, சும்மா இருங்கடி. நம்ம புள்ளதான், டாக்டருக்குப் படிக்குது. பேசப்போகுது, காது குடுத்துக் கேளுங்க."

அந்த முகத்தில் இருந்த பெருமையை இன்றைக்கும் நான் மறக்கவில்லை.

ஹபீபா போனைத் தூக்கிப் பிடித்தாள். நான் காலை அகட்டி நின்றேன். சிங்கத்தை எழுப்பினேன்.

"வணக்கம்! நீங்க தெனமும் புடிக்கிற நண்டுக்குள்ள, ஒங்களுக்கே தெரியாம, உசுரோட ஒரு கூட்டம் குடியிருக்கு. என்னன்னு தெரியுமா?"

ஒன்று. இரண்டு. மூன்று.

கரையே கப்பென்று அடங்கிப்போனது. பிரித்துக்கொண்டிருந்த கைகள் நின்றன. தராசில் கூடையைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த ஏஜெண்ட் அப்படியே அந்தரத்தில் பிடித்தபடி என்னைப் பார்த்தார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அட, சார் சொன்னது பலிக்கிறதே! கலைச்சொல்லை மூட்டை கட்டினேன்.

"பூச்சி! ஒண்ணு ரெண்டு இல்ல, கொத்துக் கொத்தா பூச்சி!"

இரண்டு ஸ்பீக்கரும் அதை ஜெட்டி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தன. ஏஜெண்ட் கூடையைத் தராசில் வைக்காமல் மணலில் இறக்கினார். யாரோ "என்னடி சொல்லுது இது?" என்றார்கள். யாரோ "மைக்க அமத்துங்கப்பா" என்றார்கள். சலசலப்பு வந்துவிட்டது. அதாவது ஈடுபாடு. நான் குரலை உயர்த்தினேன்.

"கண்ணுக்குத் தெரியாம ஒளிஞ்சிருக்கும்! ஓட்டத் தொறந்து பாத்தாத்தான் தெரியும்!"

ஏஜெண்ட் போனை எடுத்துக் காதில் வைத்தார். நான் அடுத்த வாக்கியத்துக்கு மூச்சு இழுக்கும்போது மைக் என் கையில் இல்லை. செல்வி அக்கா பிடுங்கி மணலில் போட்டிருந்தார். ஸ்பீக்கர் கீச்சென்று கத்தி ஓய்ந்தது.

"அடிப்பாவி, எங்க வயித்துல அடிச்சிட்டியே!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏஜெண்ட் போனை வைத்துவிட்டுப் பொதுவாகச் சொன்னார். "கம்பெனில எடுக்க வேணாங்குறாங்க. நான் என்ன செய்ய? பிஎச்டி படிக்கிற பொண்ணே மைக்குல சொல்லுதுன்னு சொன்னேன், கம்பெனிக்காரரு பயந்துட்டாரு."

அத்தனை வருடமாக என் ஆராய்ச்சியை ஒரு ஜீவன்கூட நம்பியதில்லை. முதன்முதலாக நம்பியவர் நண்டுக் கம்பெனிக்காரர்.

கரையில் இருந்த அத்தனை கூடைகளும் அப்படியே கிடந்தன. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இருட்டோடு எழுந்து கடலுக்குப் போய் வலை இழுத்து வந்தவர்கள் என்னைச் சுற்றி நின்றார்கள். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். யாரும் கையை ஓங்கவில்லை. "என்னம்மா இப்படிப் பண்ணிப்புட்ட" என்று ஒரு பெரியவர் கேட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஏஜெண்டிடம் ஓடினேன். "சார், அது மனுசங்கள ஒண்ணும் செய்யாது சார். செவுள்ல மட்டுந்தான் இருக்கும். சதைக்கும் அதுக்கும் சம்பந்தமே கெடையாது" என்று மூச்சு விடாமல் சொன்னேன். (இதை முதல் வாக்கியமாகச் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.)

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கெடுதல் இல்லைங்குற. அப்ப நீ தின்னு காட்டு பாப்போம்."

நான் வாயைத் திறப்பதற்குள் செல்வி அக்கா பாய்ந்தார். "யோவ், அது கவுச்சி தொடாத புள்ளய்யா! அதப் போயித் திங்கச் சொல்ற. வாய் தெரியாமப் பேசிருச்சு, அதுக்காக?"

இரண்டு நிமிடத்துக்கு முன்னால்தான் என்னை அடிப்பாவி என்றவர். கையில் பிரிக்காத வலை, பக்கத்தில் விலைபோகாத கூடை, அந்த நிலைமையிலும் என்னை விட்டுக்கொடுக்கவில்லை. எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னேன்.

"திங்கிறேன் சார்."

"ஏய் ரஞ்சனி, ஒங்கம்மா!" என்று அலறினாள் ஹபீபா. போனை மட்டும் கீழே இறக்கவில்லை.

முதலில் ஒரு பச்சை நண்டை எடுத்தேன். அதில் மட்டும் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஓட்டைக் கழற்றி, செவுளைப் பிரித்து, அதில் ஒட்டியிருந்ததை விரலால் கிள்ளிக் காட்டினேன். சதையைத் தனியாகக் காட்டினேன். ஏஜெண்ட் கம்பெனிக்காரரை வீடியோ காலில் பிடித்துப் போனை என் கைக்கு நேராக நீட்டினார். நான் பழக்க தோஷத்தில் மணலில் கிடந்த மைக்கைப் பார்த்தேன்.

"தொட்ட, கைய ஒடிச்சிருவேன்" என்றார் செல்வி அக்கா. "வாயால சொல்லு."

இதற்குள் டீக்கடை அடுப்பில் இன்னொரு நண்டு உப்பும் மஞ்சளும் போட்டு வெந்து வந்தது. வட்டிலில் வைத்து நீட்டினார்கள். கரையே என் வாயைப் பார்த்தது. நண்டின் ஒவ்வொரு கணுவுக்கும் எனக்குப் பெயர் தெரியும். எங்கே கடிப்பது என்று தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு, குலதெய்வத்திடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, காலை ஓட்டோடு கடித்தேன். உதடு கிழிந்தது. "ஓட்ட ஏன் புள்ள திங்குற?" என்று பத்துப் பேர் ஒரே குரலில் கத்தினார்கள். செல்வி அக்கா தலையிலடித்துக்கொண்டு, காலை உடைத்துச் சதையை உருவி, குழந்தைக்கு ஊட்டுகிற மாதிரி என் வாயில் வைத்தார்.

மென்றேன். விழுங்கினேன். ஏஜெண்ட் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் அங்கேயே விழுந்து செத்துவிடுவேனோ என்று. நான் செய்த காரியம் வேறு. வட்டிலைப் பார்த்து, "இன்னொரு கால் இருக்குல்ல?" என்று கேட்டுவிட்டேன்.

கரை கொல்லென்று சிரித்தது. போனுக்குள்ளிருந்து கம்பெனிக்காரரும் சிரித்தார். "நம்ம ஆளுகளும் செவுள எடுத்துட்டுத்தான்யா சதை எடுக்குறாங்க. எடை போடு" என்றார். கூடை தராசில் ஏறியது. வழக்கமான விலைதான் போட்டார்கள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ஆனால் எடை முடிந்த பிறகு செல்வி அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. வாளி காலியாகக் கவிழ்ந்து கிடந்தது. வெறுங்கையோடு பஸ் ஏறினேன். கடைசி அத்தியாயம் அந்தக் கரையிலேயே முடிந்துபோனது என்று நினைத்து அறந்தாங்கி வரைக்கும் அழுதேன்.

ஹபீபா முழு வீடியோவையும் சாருக்கு அனுப்பிவிட்டாள். ("நீதான் வெட்டி அனுப்புன்னு சொல்லலையே.") அவர் அதைப் பயிற்சிக்கு வந்த எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் போட்டார். பார்வையாளர் ஈடுபாட்டுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது என்று ஒரு வரியும் எழுதியிருந்தார். அங்கிருந்து அது எங்கள் துறைக்குப் போய், துறையிலிருந்து கீரனூருக்குப் போய், என் சித்தி வழியாக அம்மாவின் போனில் வந்து விழுந்தது.

அம்மா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சாப்பாடு மட்டும் தட்டில் விழும். சில நாள் கழித்துச் சோறு போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"உப்பாவது போட்டுக் குடுத்தாங்களா?"

"போட்டாங்கம்மா."

"மஞ்சள்?"

"அதுவும்."

"ம்" என்றார். ரசத்தை ஊற்றிக்கொண்டே, "அந்தப் பொம்பள அம்புட்டுக் கோவத்துலயும் ஒன்ன விட்டுக்குடுக்காமப் பேசுச்சேடி. போயிப் பாத்துட்டு வா" என்றார். மறுநாள் காலையில் ஒரு தூக்கு நிறைய முறுக்கு சுட்டு என் பையில் வைத்தார்.

பயந்துகொண்டே போனேன். செல்வி அக்கா வலையைச் சரி பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"மைக்கு கொண்டாந்திருக்கியா?"

"இல்லங்க்கா."

"பையக் காட்டு."

காட்டினேன். கையை விட்டுத் துழாவித் தூக்கை எடுத்தார், திறந்து ஒரு முறுக்கை உடைத்து வாயில் போட்டு மென்று முடித்தார். பிறகு காலால் வாளியை என் பக்கம் தள்ளினார். வாளி நிறைய நண்டு இருந்தது. எல்லாம் கால் உடையாத நண்டு. நான் அங்கேயே உட்கார்ந்து இன்னொரு தரம் அழுதேன்.

ஆய்வேடு முடிந்து வாய்மொழித் தேர்வு வந்தது. எங்கள் பக்கத்தில் அது ஊரறியத்தான் நடக்கும், யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். அப்பா, அம்மா, தம்பி மூன்றாவது வரிசை. வேன் பிடித்து வந்த செல்வி அக்காவும் கரைக்காரர்களும் அதற்குப் பின்னால். நான் திரையைப் பார்க்காமல், ஆட்களைப் பார்த்தே பேசினேன். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கடைசியில் சம்பிரதாயமாக, "அவையிலிருந்து யாருக்காவது கேள்வி உண்டா?" என்றார். அந்தக் கேள்விக்கு எந்தத் தேர்விலும் யாரும் எழுந்ததில்லை, எழவும் மாட்டார்கள்.

செல்வி அக்கா எழுந்தார். மைக்கை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

"ஐயா, இந்தப் புள்ள எங்க ஊருல மைக்குல நின்னு எங்க நண்டுல பூச்சின்னு சொல்லிருச்சு. இப்ப பெரியவுக எல்லாம் இருக்கீக. திங்கலாமா கூடாதான்னு அதே மைக்குல சொல்லச் சொல்லுங்க."

மேடம் தலையைக் குனிந்துகொண்டார். தேர்வாளர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நியாயமான கேள்வி. பதில் சொல்லுங்கம்மா."

ஒன்று இரண்டு மூன்றெல்லாம் எண்ணவில்லை. "தாராளமா சாப்பிடலாங்கய்யா. அந்த உயிரி செவுள்ல மட்டும்தான் இருக்கும், செவுள யாரும் திங்கிறதில்ல. கோட்டைப்பட்டினத்து நண்டு நல்ல நண்டு. நானே சாப்பிட்டிருக்கேன்" என்றேன்.

பின்வரிசை கை தட்டியது. தேர்வாளரும் தட்டினார். கைதட்டல் அடங்கும் நேரத்தில், மூன்றாவது வரிசையிலிருந்து அம்மா படக்கென்று எழுந்தார். என் பட்டமே அதில்தான் தொங்குகிறது என்பது போலக் கையைக் கூப்பிக்கொண்டு சொன்னார்.

"ஒரே ஒரு தடவதான் சார்!"

அரங்கமே அதிர்ந்தது. தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். செல்வி அக்கா மட்டும் சத்தமாகச் சிரிக்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது எங்கள் வீட்டில் யார் எதில் மாட்டினாலும் அதுதான் பதில். சர்க்கரை வியாதிக்கார அப்பா ஜாங்கிரியோடு பிடிபட்டால், "ஒரே ஒரு தடவதான் சார்." தம்பி வண்டியில் மூன்று பேராகப் போய் போலீஸிடம் நின்றபோதும் அதையே சொல்லியிருக்கிறான். நான் கோட்டைப்பட்டினம் போய்விட்டுத் திரும்பும் நாட்களில் மட்டும் வீட்டில் ஒருவரும் அதைச் சொல்வதில்லை. சொன்னால் நான் நிஜத்தைச் சொல்லிவிடுவேன் என்று அம்மாவுக்குப் பயம்.